வீட்டு ஸ்கேனரில் புரொஜெக்டரைப் பொருத்துவது: பால் ஹெட் போதுமா, தட்டில் இறுக்க வேண்டுமா?

நிழல்கோடு:

ஸ்ட்ரக்சர்டு லைட் ஸ்கேனர் ஒன்று: புரொஜெக்டர் பொருளின் மேல் ஒளிப்பட்டைகளைப் போடும், அவை வளைவதைக் கேமராவில் பார்த்து மென்பொருள் ஆழத்தைக் கணக்கிடும். இப்போதைய அமைப்பு இது:

1280×720 எல்இடி டிஎல்பி பிக்கோ புரொஜெக்டர், எடை 450 கிராம். 5 மெகாபிக்சல் கேமரா, 12 மி.மீ. லென்ஸ். பொருள் 500 மி.மீ. தூரத்தில். இரண்டையும் தாங்குவது 400 மி.மீ. நீள 20×20 அலுமினியம் புரொஃபைல் (பிளவுள்ள சட்டம்). ஒரு முனையில் சின்ன பால் ஹெட் (எந்தப் பக்கமும் திருப்பி இறுக்கும் உருண்டைத் தலை), அதன் மேல் புரொஜெக்டர், அடியில் உள்ள ஒரே கால் அங்குல மரையில் இறுக்கியது. மறுமுனையில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி அச்சடித்த எல் பிராக்கெட்டில் கேமரா. லென்ஸுக்கு லென்ஸ் 180 மி.மீ.

காலிப்ரேஷன் (கேமரா, புரொஜெக்டர் நிலைகளை அளந்து பதிவது) முடிந்த கையோடு வெள்ளை அடித்த தட்டு ஒன்றை ஸ்கேன் செய்தால் சுத்தமாக வருகிறது. அரை மணி நேரம் கழித்து, எதையும் தொடாமல், அதே தட்டு 0.35 மி.மீ. பின்னால் தள்ளி, லேசாகச் சாய்ந்தும் வருகிறது. திரும்பக் காலிப்ரேட் செய்தால் சரி, பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

கேள்விகள்: பால் ஹெட்டைப் பெரிதாக மாற்றினால் போதுமா? விசிறி அதிர்வுக்குப் புரொஜெக்டர் அடியில் ரப்பர் வைக்கலாமா? கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் எவ்வளவு கோணம் நல்லது?

---

முக்கோணம்:

முதலில் கணக்கைப் பாருங்கள், பிறகு எதை வாங்குவது என்று தானாகத் தெரியும்.

புரொஜெக்டர் பக்கவாட்டில், அதாவது கதவு திறப்பது போன்ற திசையில், 0.01 டிகிரி திரும்பினால் 500 மி.மீ. தூரத்தில் பட்டை 0.087 மி.மீ. நகரும். உங்கள் அடித்தளக் கோடு (லென்ஸுக்கு லென்ஸ்) 180, தூரம் 500, விகிதம் 0.36. பட்டை நகர்ந்ததை அந்த விகிதத்தால் வகுத்தால் ஆழத்தில் வரும் பிழை: 0.24 மி.மீ. உங்களுக்கு வருவது 0.35. அப்படியானால் மொத்தமே 0.015 டிகிரிக்குள்தான் ஏதோ திரும்பியிருக்கிறது.

0.01 டிகிரி என்பது 60 மி.மீ. அகலமுள்ள அடித்தட்டின் ஒரு ஓரம் 10 மைக்ரான் நகர்வது. சாதாரணத் தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்று. எல்லாத் திசை அசைவும் ஒன்றல்ல. பட்டைகள் செங்குத்து, கேமரா பக்கத்தில் என்றால், புரொஜெக்டர் மேலும் கீழும் தலையாட்டுவது ஆழத்தை அதிகம் கெடுக்காது. பட்டை தன் நீளவாக்கில்தானே நகர்கிறது. பக்கவாட்டுத் திரும்பல்தான் எமன். ஒற்றை மரையில் நிற்கும் புரொஜெக்டர் எந்தத் திசையில் சுலபமாகத் திரும்பும் என்று நினைக்கிறீர்கள்? அதே திசையில்.

---

திருப்புளி:

முக்கோணம் சொன்னதை வைத்துப் பார்த்தால் பால் ஹெட் கழிக்கப்பட வேண்டிய முதல் உருப்படி. பெரிய பால் ஹெட் போட்டாலும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். உருண்டையை உராய்வு மட்டுமே பிடித்திருக்கிறது, பல மாடல்களில் இடையில் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அது சுமையில் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டே போகும். அதன் மேல்தட்டில் கார்க் அல்லது ரப்பர் ஒட்டியிருப்பார்கள், அது வேறு அமுங்கும். புகைப்படத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை; அளவெடுக்கும் கருவிக்கு ஆகாது.

செய்ய வேண்டியது: 6 மி.மீ. அலுமினியத் தட்டு. அதில் புரொஜெக்டரை நேரடியாக இறுக்குங்கள். தட்டைச் சட்டத்தில் இரண்டு எம்5 போல்ட்டில், குறைந்தது 60-70 மி.மீ. இடைவெளி விட்டு இறுக்குங்கள். இரண்டு போல்ட்டும் பக்கம் பக்கமாக இருந்தால் ஒரு போல்ட்டுக்குச் சமம்.

புரொஜெக்டர் அடியில் ஒரே ஒரு மரைதான் என்றால் அது அந்த மரையைச் சுற்றித் திரும்பாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். தட்டின் ஓரத்தில் சின்ன ஆங்கிள் துண்டு வைத்துப் புரொஜெக்டரின் பக்கச் சுவரை அதில் முட்டவைத்து, மறுபக்கத்திலிருந்து நைலான் முனை ஸ்க்ரூ ஒன்றால் லேசாக அழுத்தினால் போதும். "லேசாக" என்பதைக் கவனியுங்கள், பிளாஸ்டிக் உடலை நெளித்துவிட்டால் உள்ளே லென்ஸும் சேர்ந்து சாயும்.

மரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இங்கேதான் புரொஜெக்டரைக் கெடுக்கிறார்கள். ட்ரைபாட் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. அதாவது விட்டம் 6.35 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. எம்6 போல்ட் விட்டம் 6, இடைவெளி 1. கையில் எம்6தான் இருக்கிறது என்று போட்டால் இரண்டு சுற்று தளர்வாக உள்ளே போகும், "ஆஹா சேர்ந்துவிட்டது" என்று தோன்றும், அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளும், அதையும் மீறி முறுக்கினால் பித்தளை மரைக்கூடு பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும்.

நீளம்: ஓட்டையில் பல்குத்தும் குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். 6 மி.மீ. என்றால் போல்ட் சுமார் 5-தான் உள்ளே போக வேண்டும். தட்டு 6, வாஷர் 1.5, உள்ளே 5, மொத்தம் 12.5. அரை அங்குல போல்ட் 12.7, கச்சிதம். அதற்கு அடுத்த நீளத்தை எடுத்தால் உள்ளே சர்க்யூட் போர்டையோ படத்தை உண்டாக்கும் டிஎம்டி சில்லின் கூட்டையோ முட்டும்.

---

நிழல்கோடு:

நன்றி. தட்டு புரிந்தது. ஆனால் அப்படி இரும்புப் பிடியாகப் பிடித்தால் விசிறி அதிர்வு முழுக்கச் சட்டத்துக்கு வருமே? அதற்காகத்தான் 3 மி.மீ. ரப்பர் யோசனை.

---

அதிர்வெண்:

ரப்பர் வேண்டும், ஆனால் அங்கே இல்லை. கேமராவும் புரொஜெக்டரும் ஒரே கட்டையில் செதுக்கியது போல இருக்க வேண்டும். அந்தக் கட்டை மொத்தமும் மேசையிலிருந்து தனித்து நிற்கலாம். ஆகவே மெத்தென்று இருப்பது எதுவானாலும் சட்டத்துக்குக் கீழே போகட்டும். நடுவில் வைத்த ரப்பர் விசிறி அதிர்வைக் குறைக்கும், பதிலுக்கு அமுங்கி, சூட்டில் இளகி, ஒவ்வொரு முறை கேபிளைத் தொடும்போதும் புது இடத்தில் போய் உட்காரும். அதிர்வைக் கொடுத்து நகர்வை வாங்கும் வியாபாரம்.

பிக்கோ விசிறியின் அதிர்வு பெரும்பாலும் ஒரு ஃபிரேம் எக்ஸ்போஷருக்குள் சராசரியாகிவிடும். அது உண்மையிலேயே தொல்லைதானா என்று ஸ்கேனைப் பார்த்தே சொல்லலாம். மூன்று படி ஃபேஸ் ஷிஃப்ட் (சைன் அலை போன்ற பட்டைகளை நகர்த்தி நகர்த்தி மூன்று படம் எடுப்பது) என்றால் தட்டையான பலகையை எடுத்து, அதன் மேல் வரும் அலையை எண்ணுங்கள்.

ஒரு பட்டைக்கு மூன்று அலை வந்தால் அது காமா கோளாறு. சைன் வடிவம் புரொஜெக்டரில் கோணலாக வருகிறது, பொருத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டைக்கு இரண்டு அலை என்றால் படங்களுக்கு இடையே பட்டை சரியான அளவு நகரவில்லை, அதாவது ஏதோ அசைகிறது. பட்டைக்கு ஒன்று என்றால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது: எக்ஸ்போஷர் புரொஜெக்டரோடு ஒத்துப்போகவில்லை, அல்லது அறை விளக்கு துடிக்கிறது.

இதில் இரண்டாவது வந்தால் மட்டும் அதிர்வைப் பற்றிக் கவலைப்படுங்கள். முதல் வகை வந்தவர்கள்தான் அதிகம் ரப்பர் வாங்குகிறார்கள்.

---

பொறுமைசாலி:

பால் ஹெட்டை இவ்வளவு திட்டுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. சின்னப் பொருளுக்கும் பெரிய பொருளுக்கும் கோணம் மாற்ற வேண்டியிருக்கும். ஒரே கோணத்தில் தட்டை வெட்டி இறுக்கிவிட்டால் நாளைக்கு 200 மி.மீ. தூரத்தில் ஒரு பல்சக்கரத்தை எடுக்க வேண்டுமானால் என்ன செய்வது? ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் காலிப்ரேட் செய்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் முடித்தால் நல்ல பால் ஹெட் தாங்கும்.

---

திருப்புளி:

பத்து நிமிடம் என்றால் சரி. பொருளைச் சுழற்றும் மேசையில் 24 கோணம், ஒவ்வொன்றுக்கும் கிரே கோட் (ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கருப்பு வெள்ளைப் பட்டைகளால் எண் கொடுக்கும் முறை) 24 படம் என்று போனால் பத்து நிமிடம் எங்கே போதும்? 1280 நெடுவரிசைக்கு 11 பிட் வேண்டும் (10 பிட்டில் 1024 வரைதான்), தலைகீழ்ப் படங்களோடு 22, முழு வெள்ளை, முழுக் கருப்பு. 24. அதில் கடைசிக் கோணம் முதல் கோணத்தோடு ஒட்டவில்லை என்று மென்பொருளைத் திட்டுவார்கள்.

ஆனால் கோணம் மாற்ற வழி வேண்டும் என்பது நியாயமான பேச்சு. அதற்குப் பால் ஹெட்டை விட நல்லது திரும்பும் தட்டு. லென்ஸுக்கு நேர் அடியில் ஒரு எம்6 அச்சு போல்ட். அதிலிருந்து 80 மி.மீ. பின்னால் வில் வடிவப் பிளவு, அதில் இன்னொரு எம்6 போல்ட், அடியில் அகலமான வாஷர். முன் போல்ட்டைச் சுற்றித் திருப்பி, பின் போல்ட்டை இறுக்கினால் திரும்பும் அச்சிலிருந்து 80 மி.மீ. தள்ளிப் பூட்டு விழுகிறது. பால் ஹெட்டில் அந்தப் பிடி 10-15 மி.மீ. ஆரத்தில்தான் கிடைக்கும். வித்தியாசம் அங்கேதான்.

மேல்கீழ்ச் சாய்வுக்கு ஷிம், அதாவது இடையில் செருகும் மெல்லிய தகடு, வையுங்கள். பித்தளைத் தகடு நல்லது. குளிர்பானக் கேனை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும். தாளை மடித்து வைக்காதீர்கள், ஈரத்துக்கு ஊதும்.

---

பொறுமைசாலி:

வில் பிளவு ஒப்புக்கொள்கிறேன். ரம்பமும் அரமும் மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பிளவு வெட்டுவது கஷ்டம். 3 டிகிரிக்கு ஒன்றாக ஐந்து ஓட்டை போட்டாலும் வேலை நடக்கும். 80 மி.மீ. ஆரத்தில் 3 டிகிரி என்பது 4.2 மி.மீ.தான், ஓட்டைகள் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு ஆரத்தில், 80-லும் 92-லும், மாற்றி மாற்றிப் போடுங்கள்.

---

முக்கோணம்:

கோணம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

180/500 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. நல்ல இடம். 15-க்குக் கீழே போனால் ஆழத்தில் இரைச்சல் கூடும், மேலே சொன்ன அசைவுப் பிழையும் கூடும். 30-ஐத் தாண்டினால் புரொஜெக்டர் வெளிச்சம் படும் குழியைக் கேமரா பார்க்காது, கேமரா பார்க்கும் குழியில் வெளிச்சம் விழாது. மேடு பள்ளம் அதிகமுள்ள பொருளுக்கு 18, வழவழப்பான சப்பைப் பொருளுக்கு 25 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியம் லென்ஸ் ஆஃப்செட். பெரும்பாலான புரொஜெக்டர்களில் படம் லென்ஸுக்கு நேராக விழாது, மேசையில் வைத்தால் சுவரில் மேலே விழும்படி செய்திருப்பார்கள். சுவருக்குச் செங்கோணமாக ரசமட்டம் வைத்து நிறுத்தி, லென்ஸ் நடுவின் உயரத்தையும் படத்தின் கீழ் ஓரத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் படம் முழுக்க லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது.

அப்படியானால் 500 மி.மீ.யில், படம் 417 மி.மீ. அகலம் (திரோ விகிதம், அதாவது தூரம் வகுத்தல் படத்தின் அகலம், 1.2 என்றால்), 235 மி.மீ. உயரம், படத்தின் நடு லென்ஸுக்கு 117 மி.மீ. மேலே. கோணத்தில் 13 டிகிரி. பலர் இதைக் கவனிக்காமல் கேமரா உயரத்திலேயே புரொஜெக்டரை வைத்துவிட்டு, படம் மேலே போகிறதே என்று மூக்கை 13 டிகிரி கீழே சாய்ப்பார்கள். சாய்த்தால் ஃபோகஸ் தளமும் 13 டிகிரி சாயும். பொருளின் மேல்பாதி தெளிவாக, கீழ்பாதி மங்கலாக. சாய்க்க வேண்டாம், இறக்குங்கள்: கேமரா அச்சுக்கு 117 மி.மீ. கீழே புரொஜெக்டர் லென்ஸ் வரட்டும். அல்லது தலைகீழாகத் தொங்கவிட்டு அதே அளவு மேலே ஏற்றுங்கள்.

இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று உண்டு. கேமராவைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் நேர் மேலே, 180 மி.மீ. உயரத்தில் வையுங்கள், பட்டைகளைக் கிடைமட்டமாக்குங்கள். புரொஜெக்டர் தானாகவே 13 டிகிரி மேலே பார்க்கிறது, கேமராவை 7 டிகிரி கீழே சாய்த்தால் 20 டிகிரி ஆகிவிட்டது. புரொஜெக்டரைத் திருப்பவே வேண்டாம், தட்டையாக உட்காரும். இழப்பு: 1280 நெடுவரிசைக்குப் பதில் 720 கிடைவரிசை. கிரே கோட் மட்டும் போடுபவர்களுக்கு அது உறைக்கும், ஃபேஸ் ஷிஃப்ட் போடுபவர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த அமைப்பில் எமன் திசை மாறிவிடுகிறது, தலையாட்டும் திசைதான் இப்போது ஆழத்தைக் கெடுக்கும்.

---

சூடு:

அரை மணி நேரத்தில் நகர்கிறது, யாரும் தொடவில்லை என்கிறார். இது பாதிக்கு மேல் வெப்பம்.

பிஎல்ஏ-வை முதலில் தூக்கி எறியுங்கள். 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும், அதற்கு வெகு முன்பே சுமையில் ஊரும், விரிவும் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கேமராப் பக்கம் இருந்தாலும் பிழை அதே பிழைதான், கேமரா 0.01 டிகிரி திரும்பினாலும் 0.24 மி.மீ.தான்.

அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். 180 மி.மீ. இடைவெளி 10 டிகிரி சூடேறினால் 41 மைக்ரான் கூடும், 500-ல் உள்ள தட்டு 0.115 மி.மீ. இடம் மாறித் தெரியும். இது சீராகச் சூடேறினால். சீராக ஏறாவிட்டால் கதை மோசம். புரொஜெக்டரின் வெப்பக் காற்று சட்டத்தின் பின்முகத்தில் மட்டும் அடித்து, 20 மி.மீ. கனத்தில் முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் அரை டிகிரி வித்தியாசம் வந்தால் போதும், சட்டம் வில்லாக வளைந்து 180 மி.மீ. நீளத்தில் 0.006 டிகிரி திரும்பும். ஆழத்தில் 0.14. இரண்டையும் கூட்டினால் உங்கள் 0.35-ல் முக்கால் வாசி வந்துவிட்டது.

ஆகவே: காற்று வெளியேறும் பக்கம் சட்டத்தையும் கேமராவையும் பார்க்கக்கூடாது. பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையிலும் அது பாயக்கூடாது. வெப்பக்காற்று ஊடே தெரியும் பட்டை கானல்நீர் போல நெளியும். காற்று உள்ளே போகும், வெளியே வரும் துளைகளுக்கு 50 மி.மீ. இடம் விடுங்கள். அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் காற்றைப் பின்னால் திருப்பிவிட்டாலே பாதித் தொல்லை தீரும், ஆனால் அட்டை புரொஜெக்டரைத் தொடாமல் தனியாக நிற்கட்டும்.

ஓட வைத்து 30 நிமிடம் கழித்துத்தான் காலிப்ரேட் செய்ய வேண்டும். அந்த முப்பது நிமிடமும் கருப்புத் திரையைக் காட்டாதீர்கள்; ஸ்கேன் படங்களின் சராசரி வெளிச்சத்துக்குச் சமமான சாம்பல் திரை. காலிப்ரேஷனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் அணைக்காதீர்கள்.

---

அதிர்வெண்:

சட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 20×20-ஐ 20×40 ஆக்கினால் அகலமான திசையில் வளைவு எதிர்ப்பு சுமார் ஆறு மடங்காகும். எல்லோரும் 40-ஐச் செங்குத்தாக நிறுத்துவார்கள், பாரத்தில் தொய்யக்கூடாதென்று. பக்கவாட்டு அமைப்பில் அது தப்பு. பாரம் மாறப்போவதில்லை, தொய்வு எவ்வளவோ அவ்வளவோடு சேர்த்தே காலிப்ரேட் ஆகிவிடும். எதிர்க்க வேண்டியது பக்கவாட்டுத் திரும்பலை, எனவே 40 முன்பின்னாகப் படுத்திருக்க வேண்டும். முக்கோணம் சொன்ன மேல்கீழ் அமைப்பில் சட்டம் கம்பமாக நிற்கும், அங்கேயும் 40 முன்பின்னாக.

முறுக்குக்கு எந்தப் பிளவு புரொஃபைலும் சுமார்தான். 40×40×2 இரும்புச் சதுரக் குழாய் அதைவிட உறுதி, விரிவும் பாதி (மீட்டருக்கு 12 மைக்ரான்). ஓட்டை போட்டு மரை வெட்டும் சிரமம் இருக்கிறது, எடையும் கூடும். ஒரே இடத்தில் நிற்கும் கருவிக்கு எடை நல்லதுதான்.

---

நிழல்கோடு:

இன்னொரு சிக்கல். 500 மி.மீ.க்கு ஃபோகஸ் வரவில்லை. வளையத்தைக் கடைசி வரை திருப்பினாலும் சுமார் 1 மீட்டரில்தான் தெளிவு. லென்ஸைக் கழற்றி வாஷர் வைத்துத் தள்ளலாமா?

---

முக்கோணம்:

கழற்ற வேண்டாம். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் குளோஸ்-அப் லென்ஸ் +1 ஒன்றை முன்னால் வையுங்கள். 1 மீட்டர் என்பது 1 டயாப்டர் (மீட்டரில் உள்ள தூரத்தின் தலைகீழ்), அதோடு +1 சேர்ந்தால் 2, ஃபோகஸ் அரை மீட்டரில். 1.5 மீட்டரில் நிற்கும் புரொஜெக்டருக்கு +2 போட்டால் 0.67+2, அதாவது 375 மி.மீ.

வைப்பது எப்படி என்பதுதான் இந்த இழைக்குப் பொருத்தம். டேப் போட்டு ஒட்டினால் அது தொங்கும், தொங்கினால் படம் நகரும், காலிப்ரேஷன் போச்சு. லென்ஸ் வளையத்தைத் தட்டில் நிற்கும் தனி ஆங்கிளில் பிடியுங்கள், புரொஜெக்டரின் ஃபோகஸ் வளையத்தில் மாட்டாதீர்கள். ஃபோகஸ் சரியானதும் அந்த வளையத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு. கேமரா லென்ஸில் பூட்டு ஸ்க்ரூ இருந்தால் ஃபோகஸ், அபெர்ச்சர் இரண்டையும் பூட்டுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ கீஸ்டோன் இரண்டையும் மெனுவில் அணைக்கவும். கீஸ்டோன் என்பது படத்தை மறுபடி மாதிரியெடுத்து நசுக்குவது, ஒற்றைப் பிக்சல் பட்டை சில இடங்களில் இரண்டாகும், சில இடங்களில் காணாமலே போகும். ஒரே ஒரு பிக்சல் அகலப் பட்டைகளை முழுத் திரையிலும் காட்டி, எங்கேயாவது சாம்பல் கற்றை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீஸ்டோனோ ஸ்கேலிங்கோ இன்னும் ஓடுகிறது. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ், இகோ எல்லாம் அணைப்பு. எக்ஸ்போஷர் 60 ஹெர்ட்ஸுக்கு 16.67 அல்லது 33.3 மில்லி செகண்ட். நடுவில் 20, 25 என்று வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மாறி மாறி வரும் நிறச் சுழற்சி பாதியில் வெட்டுப்பட்டு அதிர்வெண் சொன்ன ஒற்றை அலை வரும்.

---

பொறுமைசாலி:

கட்டி முடித்ததும் சோதிக்க எளிய வழி: நடுவில் ஒரு கூட்டல் குறியைக் காட்டுங்கள். எதிரே, கேமரா அச்சுக்கு ஏறக்குறைய செங்கோணமாக, வெள்ளைப் பலகை. ஸ்கேனரின் கேமரா வழியாகவே, படத்தை நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸுக்கு ஒரு பிக்சல் சுமார் 0.09 மி.மீ.; அதாவது குறி ஒரு பிக்சல் நகர்ந்தால் 0.01 டிகிரி.

இப்போது ஒற்றை விரலால் புரொஜெக்டரின் பின்மூலையைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். குறி நகரும், எல்லாச் சட்டத்திலும் நகரும். விரலை எடுத்ததும் அதே பிக்சலுக்குத் திரும்பினால் அது வளைவு, பொறுத்துக்கொள்ளலாம். அரைப் பிக்சல் தள்ளி நின்றுவிட்டால் எங்கோ வழுக்குகிறது. அப்போது ஒவ்வொரு இணைப்பாக விரலை வைத்து, இரண்டு பாகமும் சேரும் கோட்டில் நகம் படும்படி, மற்றவரை அழுத்தச் சொல்லுங்கள். வழுக்கும் மூட்டு நகத்தில் உணர்வாகும்.

அடுத்து ஹெச்டிஎம்ஐ கேபிளை ஒரு அங்குலம் தூக்கி விடுங்கள். பெரும்பாலும் இங்கேதான் குட்டு வெளிப்படும். கேபிள் தடிமன், புரொஜெக்டர் இலேசு. கேபிள்தான் புரொஜெக்டரை ஓட்டுகிறது. செருகியிலிருந்து 50 மி.மீ. தள்ளி கேபிளைச் சட்டத்தில் டை போட்டுக் கட்டி, செருகிக்கும் டைக்கும் நடுவில் தளர்வான வளைவு விடுங்கள். மின்கம்பிக்கும் அப்படியே.

கடைசியாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் ஒரு மணி நேரம். குறியின் நடுவைத் பிக்சலின் பின்ன அளவில் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். முதல் அரை மணியில் ஓடி, பிறகு படுத்துவிட்டால் வெப்பம். கடைசி வரை ஒரே சரிவில் போனால் ஊர்தல். படி படியாகத் தாவினால் வழுக்கல்.

---

முக்கோணம்:

கூடவே ஒரு எச்சரிக்கை. செங்குத்து, கிடை இரண்டு பட்டைகளையும் எடுப்பவர்கள் எபிபோலார் பிழையை (கேமரா, புரொஜெக்டர் கதிர்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகும் அளவு) பார்த்து "0.2 பிக்சல்தான், எல்லாம் உறுதியாக இருக்கிறது" என்பார்கள். அது அடித்தளக் கோட்டுக்குக் குறுக்கே நடந்த நகர்வை மட்டும் காட்டும். கோட்டின் திசையில் நடந்த நகர்வு அதில் தெரியவே தெரியாது, நேராக ஆழத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதற்கு அளவு தெரிந்த பொருள் வேண்டும்: இரண்டு பளபளப்பில்லாத வெள்ளை உருண்டைகள் ஒரு கம்பியின் இரு முனையில், நடுவுக்கு நடு தூரம் அளந்து வைத்தது. தினம் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

---

நிழல்கோடு:

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி வெட்டலாம் என்றிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லவும்:

20×40 புரொஃபைல் 400 மி.மீ., 40 படுத்தபடி. புரொஜெக்டருக்கு 90×120×6 அலுமினியத் தட்டு, முன்னால் எம்6 அச்சு, 80-லும் 92-லும் ஓட்டைகள். அது உட்கார, சட்டத்தில் 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்5 போல்ட்டில் பிடித்த அடித்தட்டு; ஆஃப்செட்டுக்காக அதை 117 மி.மீ. கீழே இறக்க, 6 மி.மீ. ஆங்கிள் இரண்டு. கேமராவுக்கு 50×50×6 ஆங்கிள் துண்டு. குளோஸ்-அப் லென்ஸ் +1 தனி ஆங்கிளில். கோணம் பிடித்த பிறகு எல்லா எம்5, எம்6-லும் நீல நிற திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை), தலையில் பெயின்ட் கோடு. சட்டத்துக்கு அடியில் மூன்று ரப்பர் பாதம்.

---

அதிர்வெண்:

117 மி.மீ. இறங்கும் ஆங்கிள் இரண்டும் வெறும் தொங்கல். குறுக்கே ஒரு மூலைத் தட்டு போட்டு முக்கோணமாக்குங்கள், இல்லையென்றால் சட்டத்தை இரும்பாக்கியும் பிரயோஜனமில்லை, அந்த ஆங்கிள்தான் ஊசலாடும். அல்லது புரொஜெக்டர் சட்டத்தின் மேலேயே இருக்கட்டும், கேமராவை உயர்த்துங்கள். கேமரா இலேசு, உயர்த்துவது சுலபம். அதற்கும் மூலைத் தட்டு உண்டு.

---

நிழல்கோடு:

கேமராவை உயர்த்துவதே நல்லது போலிருக்கிறது. மாற்றிவிடுகிறேன்.

---

திருப்புளி:

90×120 தட்டு என்றால் புரொஜெக்டரின் நான்கு ரப்பர் பாதங்களும் தட்டின் மேலேயே உட்காருமே. மேலே அத்தனை பேர் ரப்பர் வேண்டாம் என்று சொன்னது வீண். கவிழ்த்துப் பாருங்கள்.

---

நிழல்கோடு:

ஆமாம், நான்கு பாதம், ஒவ்வொன்றும் 2 மி.மீ. பசையில் ஒட்டியவைதான், நகத்தால் எழுப்பினால் வருகிறது. இரண்டுக்கு அடியில் உடலை மூடும் ஸ்க்ரூ தலை இருக்கிறது, லேசாக எட்டிப் பார்க்கிறது.

---

திருப்புளி:

அந்த இரண்டு தலைக்கும் நேரே தட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டுவிடுங்கள், தொடாமல் இருக்கட்டும். பிளாஸ்டிக் அடிப்பாகம் ஒருபோதும் சமதளமாக இருக்காது, முழுத் தட்டிலும் உட்காரவைத்தால் எங்கே தொடுகிறது என்று தெரியாமல் தத்தளிக்கும். ஒரே கனமுள்ள மூன்று வாஷர்களைத் தட்டில் ஒட்டுங்கள்: இரண்டு லென்ஸ் பக்கத்து மூலைகளில், ஒன்று பின் ஓரத்தின் நடுவில். கால் அங்குல போல்ட் அந்த முக்கோணத்துக்குள்ளே விழ வேண்டும், வெளியே விழுந்தால் இறுக்கும்போது புரொஜெக்டர் தூக்கிக்கொள்ளும். வாஷர் 1.5 மி.மீ. என்றால் போல்ட் நீளக் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள்: தட்டு 6, கீழே வாஷர் 1.5, மேலே வாஷர் 1.5. அரை அங்குல போல்ட் இப்போது 3.7 மி.மீ.தான் உள்ளே போகும், மூன்று சுற்றுக்கும் குறைவு. அது போதாது. தலைப்பக்க வாஷரைக் கழற்றிவிட்டு, அகலத் தலையுள்ள போல்ட் போடுங்கள், 5.2 கிடைக்கும்.